கேளுங்கள், சொல்கிறோம்: கடல் கடந்த குடும்பங்கள்

கேள்வி: நாங்கள் தஞ்சாவூரில், மகன் டொராண்டோவில், மகள் சிங்கப்பூரில். ஞாயிறுதோறும் மூன்று வீடும் சேர்ந்து பேசுகிறோம். மார்ச், நவம்பர் வந்தால் நேரம் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நம் ஊர்க் கணக்கில் இரவு 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அப்போது 9.30. டொராண்டோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். மாறுவதும் ஞாயிறு, நீங்கள் பேசுவதும் ஞாயிறு. அதனால்தான் அன்றைக்கே தடுமாற்றம். டொராண்டோ நேரத்தைப் பிடித்துக்கொண்டால் குளிர்காலத்தில் சிங்கப்பூருக்கு இரவு 10.30 ஆகிவிடும், மறுநாள் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எனவே இந்திய நேரமே நிலையாக இருக்கட்டும், மகன் மாற்றிக்கொள்ளட்டும்.

கேள்வி: அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வீடியோ காலில் எல்லோரும் கத்தினாலும் புரியவில்லை என்கிறார். எதிரொலி வேறு.

பதில்: எதிரொலிக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே அறையில் இரண்டு போன்கள் அதே அழைப்பில் இருப்பது. ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை இன்னொன்றின் மைக் வாங்கித் திருப்பி அனுப்பும். ஒன்றை வெட்டிவிடுங்கள், டிவியையும் அணையுங்கள். வயதில் வரும் காது மந்தத்தில் ச, த, ப போன்ற மெய்யொலிகள்தான் முதலில் தேயும். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், சொல் தெளியாது. ஒருவர் பின் ஒருவராக, நிதானமாகப் பேசுங்கள். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும்; ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் உதடு அசைவது தெரியாது. வேலை மாற்றம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி விஷயங்களைக் கும்பலில் சொல்லாமல் அவருக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்வதே மரியாதை.

கேள்வி: அப்பாவின் திதி எங்களுக்குப் புதன்கிழமை. டொராண்டோவில் இருக்கும் தம்பியைச் செவ்வாயே செய்யச் சொல்கிறார்களாம். சரியா?

பதில்: சரியாகவே இருக்கலாம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகினால் ஒரு திதி. அது தொடங்கும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. திவசத்துக்கு அபராஹ்ணத்தில், அதாவது பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பங்கில், திதி இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். நம் ஊரில் அது சுமார் 1.12 முதல் 3.36 வரை. கோடையில் டொராண்டோ பகல் நீளம் என்பதால் ஏறக்குறைய 3 முதல் 6. திதி இங்கே செவ்வாய் இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 10 வரை என்றால், அங்கே செவ்வாய் பகல் 12.30 முதல் புதன் பகல் 12.30 வரை. புதன் பிற்பகலில் அங்கே திதி இராது. ஊர்ப் பஞ்சாங்கத்தின் தேதியைப் பார்த்து அங்கே செய்வதில்தான் தவறு வரும். அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைத் தம்பி பார்க்கட்டும். முடிவு உங்கள் வீட்டுப் புரோகிதருடையது, குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும்.

கேள்வி: தேர்த் திருவிழாப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகப் போகிறதே?

பதில்: அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். கேலரி வழியாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள், எடுத்தபடியே போய்ச்சேரும்.