சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய வேன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1974 மாடல் ஃபோக்ஸ்வேகன் கோம்பி இருக்கிறது. 1600 சி.சி., ஏர் கூல்டு, 12 வோல்ட். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, டீக்கடையில் நிறுத்தித் திரும்பவும் சாவியைத் திருப்பினால் எடுப்பதில்லை. நன்றாக ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கிறது. பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரும் மாற்றியாகிவிட்டது. அடுத்து காயிலை மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொறுங்கள். "எடுப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, எப்படி எடுப்பதில்லை என்று எழுதவில்லை. சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இல்லை, வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? இந்த மூன்றும் வேறு வேறு நோய்கள். காயில் பிளக்குக்குப் பொறி தருவது; முதல் இரண்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இன்னொன்று: சோதனை எல்லாம் சூட்டிலேயே நடக்கவேண்டும். ஆறிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தால், அங்கே அது ஒழுங்காகத்தான் எடுக்கும். மெக்கானிக் எதையாவது மாற்றி அனுப்புவார்.

செல்ஃப் மோட்டார் வரை மாற்றியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோம்பியில் இது பிறவிக் குறை. பேட்டரி பின்னால் இன்ஜின் அறையில் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரும் பக்கத்திலேயே, கியர்பாக்ஸின் வலது பக்கம். ஆனால் சோலினாய்டை (செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கும் கரண்ட் நேராகப் போவதில்லை. முன்னால் ஸ்டியரிங் அருகே உள்ள இக்னிஷன் சுவிட்ச் வரை போய், அங்கிருந்து திரும்பிப் பின்னால் வருகிறது. நாலரை மீட்டர் நீள வண்டியில் போக வர ஏறத்தாழ 8 மீட்டர் ஒயர், நடுவே ஐம்பது வருடப் பழைய கனெக்டர்கள், தேய்ந்த சுவிட்ச் காண்டாக்ட். சோலினாய்டு இழுக்கும் நொடியில் சுமார் 30 ஆம்பியர் கேட்கும். வழியில் மொத்தம் 0.1 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். 12-இல் 9 தான் மிச்சம்.

ஆறிய நிலையில் அந்த 9 வோல்ட் எப்படியோ சமாளித்துவிடும். ஓடி நிறுத்தியபின் ஃபேன் காற்று நின்றுபோக, எக்ஸாஸ்டும் கியர்பாக்ஸும் விடும் அனல் சோலினாய்டில் ஏறுகிறது. தாமிரச் சுருள் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் தடை கால் பங்குக்கு மேல் கூடும். ஏற்கெனவே குறைந்த வோல்ட், இப்போது கூடுதல் தடை. இழுக்கும் வலு போதாமல் 'டிக்' என்று நின்றுவிடுகிறது. புது செல்ஃப் மோட்டார் போட்டும் தீராததன் காரணம் இதுதான்.

உறுதிசெய்யும் வழி: வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் அப்படியே இருந்து 'டிக்' மட்டும் வந்தால் கரண்ட் சோலினாய்டுக்குப் போதிய அளவு போகவில்லை. வெளிச்சம் மங்கி அணையப் பார்த்தால் பேட்டரி டெர்மினல், கேபிள், எர்த், செல்ஃப் மோட்டார் என்று தேடவேண்டும். பிறகு மல்டி மீட்டரின் கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும், சிவப்பு முனையைச் சோலினாய்டின் 50 என்ற சிறிய டெர்மினலிலும் வைத்து, சாவியைத் திருப்பும்போது அளவைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அடிக்கவில்லை என்றால் குற்றம் சோலினாய்டில். 9-க்குக் கீழே என்றால் ஒயரிங்கில்.

ஒயரிங் என்றால் தீர்வு ஒரு ரிலே. நாலு கால் உள்ள சாதாரண 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே போதும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். 50-இல் இப்போது வந்து சேரும் பழைய ஒயரைக் கழற்றி ரிலேயின் 86-க்குக் கொடுங்கள். 85 எர்த். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 4 சதுர மி.மீ. ஒயரை 30-க்கும், 87-லிருந்து அதே தடிமனில் சோலினாய்டின் 50-க்கும் இழுங்கள். இனி இக்னிஷன் சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். ரிலேயை எக்ஸாஸ்ட் பக்கம் திருகாமல் இன்ஜின் அறைச் சுவரில் பேட்டரி பக்கம், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி திருகுங்கள்.

ரிலே போட்டபின் பழைய கனெக்டர்களை மறந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. தடை ஏறிய கனெக்டர் சூடாகும். ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால் பச்சை பூத்த லக்குகளை (ஒயர் முனைகள்) உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும் வகை என்றால் ரிலேயால் பயனில்லை. கியர்பாக்ஸ் மூக்கிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டையோ அதன் முனைகளோ கெட்டுவிட்டன. அடுத்தது, செல்ஃப் மோட்டாரின் ஷாஃப்ட் முனை உட்காரும் வெண்கலப் புஷ். இது மோட்டாரில் இல்லை, கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் இருக்கிறது. அதனால் மோட்டாரை எத்தனை முறை மாற்றினாலும் தேய்ந்த புஷ் அப்படியே இருக்கும். ஆர்மேச்சர் சாய்ந்து ஃபீல்டில் உரசும். புதுப் புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்து அடிக்கவேண்டும். டைமிங் (பொறி விழும் நேரம்) அதிகம் முந்தி அட்வான்ஸ் ஆகியிருந்தாலும் சூட்டில் இன்ஜின் செல்ஃபை எதிர்த்து உதைக்கும். போஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தருவது) இருந்தால் 3,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் மொத்த அட்வான்ஸ் 28 முதல் 30 டிகிரிக்குள் நிற்கவேண்டும்.

மூன்றாம் வகை, வேகமாகச் சுற்றியும் பிடிக்காதது. இங்கேதான் காயில் வருகிறது. ஆனால் அதற்கு முன் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போதே கையால் ஆக்சிலரேட்டர் லிவரைத் திருப்பினால், பித்தளைக் குழாயிலிருந்து பெட்ரோல் ஊசிபோல் பீய்ச்சி அடிக்கவேண்டும். பீய்ச்சாமல் வெறும் காற்றுக் குமிழ் வந்தால் கார்புரேட்டரின் பவுலில் (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) பெட்ரோல் இல்லை: ட்யூபில் ஆவி அடைத்திருக்கும், அல்லது பம்ப் தளர்ந்திருக்கும். மாறாக, தொண்டை ஈரமாகப் பளபளத்து, திருப்பாமலேயே சொட்டிக்கொண்டிருந்தால் பவுல் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கிறது. அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடக்கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னொரு பீய்ச்சல் உள்ளே போகும். ஒரேயடியாகத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடித்தால் காற்று உள்ளே போய் எடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் சோக்கின் ஒயர் கழன்றிருந்தாலும் சோக் திறக்காமல் இதே கூத்துதான்.

பெட்ரோல் சரி என்றால் கரண்ட். பெட்ரோல் வாடை போனபின் ஒரு உபரிப் பிளக்கை காயில் ஒயரில் மாட்டி, பிளக்கின் உடம்பை கார்புரேட்டருக்கு எட்டத்தில் இன்ஜினோடு இறுக்கிவைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீலமாகச் சத்தத்தோடு வந்தால் காயிலும், டிஸ்ட்ரிபியூட்டரோடு இருக்கும் கண்டென்சரும் குற்றமற்றவை. மஞ்சளாக மெலிந்து வந்தால் முதலில் மாற்றவேண்டியது கண்டென்சர்; விலை குறைவு, சூட்டில் கெடுவதும் அதிகம். காயிலைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று தூக்கி எறியாதீர்கள், நல்ல காயிலும் கை வைக்க முடியாத அளவு சூடாகும். இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே ஓம் அளந்து பாருங்கள். இந்த வண்டிக்கு 3 முதல் 4 ஓம் வரை வேண்டும். 1.5 ஓம் காட்டினால் ரெசிஸ்டர் சேர்த்து ஓட்டவேண்டிய வேறு வண்டிக் காயிலை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அது தானும் வெந்து, காயிலின் கரண்டை வெட்டிவிடும் பாயிண்டையும் எரிக்கும். பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, இறுகியிருக்கலாம். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழையவேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வை முதலில் பாருங்கள்.

கடைசியாக, கேட்காத ஒன்று. பெட்ரோல் ட்யூப் பழைய துணிப் பின்னல் ட்யூப் என்றால் இன்றே மாற்றுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிப்பு விழச் செய்யும். எத்தனால் தாங்கும் 5.5 மி.மீ. உள்விட்ட ட்யூப், இரு முனையிலும் கிளிப். இன்ஜின் அறைக்குள் பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கினால் அதையும் எடுத்து, வண்டிக்கு அடியில் பம்புக்கு முந்தைய லைனில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்த கோம்பிகள் நிறைய.

கேள்வி: என்னுடைய கோம்பி வான் 1965ஆம் ஆண்டு, 6 வோல்ட். இதே கரைச்சல்தான். 12 வோல்ட் ஸ்டார்ட்டரை நேரடியாகப் பூட்டலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நேரடியாக முடியாது. 6 வோல்ட் ஃப்ளைவீலில் 109 பல், 12 வோல்ட் ஃப்ளைவீலில் 130 பல், விட்டமும் பெரிது. ஃப்ளைவீல், கிளட்ச், புஷ் எல்லாம் மாறவேண்டும், கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் உட்புறத்தையும் ராவவேண்டியிருக்கும். அதைவிட இருப்பதைச் சரிசெய்வது மேல். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு ஆம்பியர் ஓடும் என்பதால் கேபிள் தடிமனாக இருக்கவேண்டும். கார் உதிரிப்பாகக் கடையில் 12 வோல்ட்டுக்கென்று விற்கும் மெல்லிய கேபிள் ஆகாது, 50 சதுர மி.மீ. வாங்குங்கள். ரிலே போடுவதானால் 6 வோல்ட் சுருள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட் ரிலே இழுக்காது.

கேள்வி: 1990 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. பின்னால் காஸும் போட்டிருக்கிறேன். மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தால் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகாது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்களிடமே சோதனைக் கருவி இருக்கிறது. எடுக்காத அந்த நேரத்தில் காஸுக்கு மாற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால் கரண்ட், கம்ப்ரஷன், செல்ஃப் எல்லாம் நன்றாக இருக்கின்றன, கோளாறு பெட்ரோல் பாதையில் மட்டும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் அடைபட்டுக் கிடப்பதால், நிறுத்தியதும் அனல் முழுக்கப் பம்பிலும் கார்புரேட்டரிலும் ஏறும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் ஆவி அடைப்புதான்.

டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ட்யூபை முதலில் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூடான பெட்ரோல் திரும்ப வழியின்றி அங்கேயே கொதிக்கும். காஸ் கிட் மாட்டும்போது அதை மடக்கிக் கட்டிவிடுவதும் உண்டு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடித்த கறுப்பு இன்சுலேட்டர் இருக்கவேண்டும். வெறும் பேப்பர் பேக்கிங் இருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். அடிக்கடி காஸிலேயே ஓட்டுகிறவர்களுக்கு பம்ப் டயாஃப்ரம் காய்ந்து விறைத்துப்போகும், வாரத்தில் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுவது நல்லது.

கேள்வி: மாட்டடார் டீசல் வேன். காலையில் ஹீட்டர் போட்டால் எடுக்கிறது. சூடானபின் எடுப்பதில்லை, தள்ளினால் எடுக்கிறது.
– வாசகர், சிவகாசி

பதில்: டீசல் பம்ப் எலிமென்ட் (பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பகுதி) தேய்ந்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும். செல்ஃபின் மெதுவான சுற்றில் நாசிலுக்குப் போதிய டீசல் போகாது. தள்ளும்போது வேகம் அதிகம் என்பதால் கசிவையும் மீறிப் போய்ச் சேருகிறது.

ஈரச் சாக்கைப் பம்பின் மேல் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றவேண்டாம், சூட்டில் சட்டென்று குளிர்ந்தால் எலிமென்ட் இறுகிக்கொள்ளும். சாக்குக்குப் பின் செல்ஃபிலேயே எடுத்தால் பம்பைக் கழற்றி டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் எலிமென்ட், டெலிவரி வால்வு மாற்றி கேலிபரேஷன் செய்யக் கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் செல்ஃப் சூட்டில் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். மேலே கோம்பிக்குச் சொன்ன எர்த் சோதனை இதற்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் சூட்டுத் தொல்லை போகுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கோளாறு பாயிண்டிலோ கண்டென்சரிலோ இருந்தால் போகும், வேறெங்கும் இருந்தால் போகாது. மாட்டினால் இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு ரேடியோ கேட்கவேண்டாம், மாட்யூலும் காயிலும் வெந்துவிடும். டேஷ்போர்டு அறையில் பழைய பாயிண்ட், கண்டென்சர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடக்கட்டும்.