குழந்தை நட்சத்திரங்கள் வளர்ந்த பிறகு ஏன் காணாமல் போய்விடுகிறார்கள்?

"காணாமல் போய்விடுகிறார்கள்" என்று கேட்டிருப்பதால்தான் எழுதுகிறேன். நானும் சின்ன வயதில் சினிமாவில் நடித்தவன்தான், எங்கேயும் போகவில்லைங்க. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நடிக்க வைக்கலாமா என்று யோசிக்கிற வயதில் ஒரு குழந்தை இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோபியைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். கொடிவேரி அணை, தடப்பள்ளி வாய்க்கால், தென்னந்தோப்பு என்று எங்கு பார்த்தாலும் ஷூட்டிங் நடக்கும். வேடிக்கை பார்க்கப் போன ஏழு வயதுப் பையனை ஹீரோவின் சின்ன வயது வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்படி நாலு படம். அழுகிற சீனுக்கு கிளிசரின் போட்டால் கண் எரியும், எதிரே ரிஃப்ளெக்டர் வெளிச்சம் வேறு, கண்ணை மூடிவிட்டால் இன்னொரு டேக். ஆனாலும் பிடித்துத்தான் நடித்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பதிமூன்று வயதில் ஐந்தாவது படத்துக்கென்று சென்னைக்கு வரச் சொன்னார்கள். அப்பாவும் நானும் சேரன் எக்ஸ்பிரஸில் போனோம். வடபழனி ஆபீஸில் உதவி இயக்குநர் ஒருத்தர் என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதற்கு நாலு விரல் கீழே ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது, வேறு ஏதோ பையனுடையது. "வளந்துட்டானே" என்றார். குரலும் அப்போது உடைந்திருந்தது. அவ்வளவுதான். ஈரோடு வரும் வரைக்கும் அப்பா வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரி அம்மா அவரிடம், "பையனுக்குப் பால் குடுக்கறத நிறுத்தீரலாமுங்களா?" என்று கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. இனிமேல் வாய்ப்பு வராது, படிப்பைப் பார் என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்து, பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயில் ஆனேன்.

ஸ்ரீதேவி வரவில்லையா, கமல் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார்கள். 1960-ல் வந்த களத்தூர் கண்ணம்மாவுக்கு ஜனாதிபதி பதக்கம் வாங்கிய கமலே நடுவில் தங்கப்பன் மாஸ்டரிடம் டான்ஸ் அசிஸ்டென்டாக வேலை பார்த்தவர். பக்கத்திலேயே இருந்து தொழில் பழக அவருக்கு முடிந்தது. கோபியில் இருந்துகொண்டு அது நடக்குமா, சொல்லுங்கள்.

அப்பா என் காசைத் தின்றுவிட்டார் என்று மட்டும் கமெண்ட் போட வேண்டாம். அந்தக் காசில் மேட்டுக்காட்டில் போர்வெல் போட்டார், அறுநூறு அடியிலும் தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது. அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது?

  

சரி, உங்கள் விஷயம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிப்படி குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் போட வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். நாலாவது படத்தின் பாக்கியைக் கேட்க எங்கள் அப்பா வெட்கப்பட்டார். அது இன்னும் வரவில்லை.