சத்து மாத்திரைதானே என்று கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறார். மூன்றாவது சுற்று நடக்கிறது. மிகவும் சோர்ந்துபோயிருக்கிறார். சித்தப்பா மல்டிவைட்டமின் டப்பாவும் மஞ்சள்கிழங்கு கேப்சூலும் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையும் இப்போது கொடுக்க வேண்டாம் அம்மா.

மல்டிவைட்டமின் டப்பாவைத் திருப்பிப் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘ஃபோலிக் ஆசிட்’ என்றோ ‘மெத்தில்ஃபோலேட்’ என்றோ அநேகமாக இருக்கும். என் கவலை அதைப் பற்றித்தான். கேப்சைட்டபின் உடலுக்குள் போய் 5-ஃப்ளோரோயுராசில் என்ற மருந்தாக மாறுகிறது. ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட்டும் மெத்தில்ஃபோலேட்டும் இந்த வகைதான்) சேர்ந்தால் அதன் வீரியம் கூடும். கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அடிபடுவது புற்றணுக்கள் மட்டுமல்ல. வாயும் குடலும் உள்ளங்கை உள்ளங்காலும்தான். வயிற்றுப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். பாதம் சிவந்து தோல் உரிந்து, செருப்பில் கால் நுழைக்க முடியாமல் பிள்ளைகளின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதே ஃபோலிக் ஆசிட்டை, நுரையீரல் புற்றுநோய்க்குப் பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்தை ஏற்றும்போது ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சாப்பிடும்படி நாங்களே எழுதித் தருகிறோம். அங்கே அது பக்க விளைவைக் குறைக்கிறது. அதனால், பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிட்டார் என்பதை வைத்து அப்பாவுக்குக் கொடுக்கக் கூடாது.

கீரையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள். வழக்கமான சாப்பாட்டில் வரும் ஃபோலேட்டால் தொல்லை இல்லை. குழம்பில் போடும் மஞ்சளும் அப்படியே. கேப்சூலில் இருப்பது செறிவான சாறு; பல கேப்சூல்களில் மிளகுச் சத்தான பைப்பரினும் சேர்ந்திருக்கும். மருந்துகளைக் கல்லீரல் கையாளும் வேகத்தை அது மாற்றக்கூடியது.

சோர்வுக்குக் காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எது குறைவோ அதற்கு மட்டும் தனி மருந்து தரலாம்.

ஏற்கெனவே சில நாள் கொடுத்திருந்தால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை கூடுதலாக வயிறு போனாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாவிட்டாலோ, அடுத்த வேளை கேப்சைட்டபினை விழுங்குமுன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், இரவானாலும் சரி.

“வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் பலரும் சொல்கிறார்கள். சத்து மாத்திரையை மருந்தாக அவர்கள் எண்ணுவதில்லை. அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை, லேகியம், சூரணம், புரதப் பவுடர் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரின் மேசைமேல் வையுங்கள்.

சித்தப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன்மேல் உள்ள அக்கறையில் வாங்கி வந்தவர். அடுத்த முறை வரும்போது முட்டையும் மீனும் வாங்கி வரச் சொல்லுங்கள்.