த்ரெஷோல்டு குமிழே இல்லாத கம்ப்ரஸரை எப்படிக் கையாள்வது?

கேள்வி: வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இத்தனை நாள் பிளக்-இன்களை (கணினிக்குள் இயங்கும் ஒலி மென்பொருள்களை) வைத்தே ஓட்டினேன். இப்போது 1176, எல்ஏ-2ஏ என்ற இரண்டு பழைய கம்ப்ரஸர்களின் (உரத்த ஒலியை அமுக்கிச் சமன் செய்யும் கருவிகளின்) மறுபதிப்புப் பெட்டிகள் கைக்கு வந்திருக்கின்றன. என் ஆடியோ இன்டர்ஃபேஸில் (கணினிக்கு ஒலியை உள்ளே, வெளியே கொண்டுபோகும் பெட்டியில்) எட்டு லைன் இன், எட்டு லைன் அவுட் உண்டு. குரலை 1176 வழியே அனுப்பினால் இரைச்சல் கூடுகிறது. குரலும் உயிரில்லாமல் தட்டையாக வருகிறது. அட்டாக்கை (அமுக்கம் தொடங்கும் வேகத்தை) முழுக்க மெதுவாக, 7-இல் வைத்தும் இதே கதைதான். த்ரெஷோல்டு, அதாவது எந்த அளவுக்கு மேல் ஒலியை அமுக்குவது என்று சொல்லும் குமிழ், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இந்தப் பெட்டிகளைப் பாடும்போதே போடுவதா, மிக்ஸிங்கில் போடுவதா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி நோய்க்குக் காரணம் அந்த ‘7’தான். 1176-இல் அட்டாக், ரிலீஸ் (அமுக்கத்தை விடும் வேகம்) இரண்டு குமிழ்களும் தலைகீழாக வேலை செய்யும். 1 என்பது மெதுவு, 7 என்பது வேகம். 7-இல் வைத்தால் அட்டாக் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் 20 பங்கு, அதாவது 20 மைக்ரோ விநாடி. குரலில் ஒரு மெய்யெழுத்து வாயைத் திறப்பதற்குள் அதன் தலையை அமுக்கிவிடும். குரல் தட்டையாகாமல் வேறென்ன ஆகும்?

சரி, 1-க்குத் திருப்பினால்? அப்போதும் 800 மைக்ரோ விநாடிதான். ஒரு மில்லி விநாடிகூட இல்லை. பிளக்-இன்னில் அட்டாக்கை 10, 20 மில்லி விநாடி என்று வைத்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். 1176-இன் ‘மெதுவு’ மற்ற பல கம்ப்ரஸர்களின் ‘வேகத்தை’விட வேகம். பில் புட்னம் 1960-களின் பிற்பகுதியில் இதை உருவாக்கியபோது வால்வுகளை விட்டுவிட்டு எஃப்இடி என்ற டிரான்சிஸ்டர் வகையைக் கொண்டு ஒலியளவைக் குறைத்தார். அந்த வேகம் அங்கிருந்து வருவது. ரிலீஸ் 7-இல் 50 மில்லி விநாடி, 1-இல் 1.1 விநாடி. குரலுக்கு அட்டாக்கை 2, 3 பக்கமும் ரிலீஸை 5, 6 பக்கமும் வைத்துத் தொடங்குங்கள், ரேஷியோ (எவ்வளவு கடுமையாக அமுக்குவது என்ற விகிதம்) 4. அட்டாக் குமிழைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும், ரிலீஸை இரண்டு மணிக்கும், ரேஷியோவை நான்குக்கும் வைப்பதை டாக்டர் பெப்பர் செட்டிங் என்பார்கள்; அந்தக் குளிர்பானத்தின் பழைய விளம்பரத்தில் 10, 2, 4 என்ற எண்கள் இருக்கும். வேடிக்கைப் பெயர்தான், ஆனால் தொடக்கத்துக்கு நல்ல இடம்.

த்ரெஷோல்டைத் தேடாதீர்கள், அது உள்ளே ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறது. ஒரு பழைய வீட்டு வாசல் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரத்தை மாற்ற முடியாது. இன்புட் குமிழைத் திருகும்போது உள்ளே வருகிறவரின் உயரத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறோம். உயரம் கூடக் கூட, குனிந்துதான் வந்தாக வேண்டும். அப்புறம் ஒலி எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதை அவுட்புட் குமிழ் பார்த்துக்கொள்ளும். அதனால் 1176-க்கு நீங்கள் அனுப்பும் ஒலியின் அளவே ஒரு செட்டிங். நேற்று நன்றாக இருந்த குமிழ் நிலைகளை இன்று வேறொரு டிராக்குக்கு அப்படியே வைத்தால் வேறு மாதிரி வருவது இதனால்தான். இன்னொன்று: ரேஷியோவை 4-இலிருந்து 20-க்கு அழுத்தினால் உள்ளே த்ரெஷோல்டும் கொஞ்சம் மேலே போகும். எனவே மீட்டர் முள் குறைவாக விழுந்தால் பெட்டி பழுது என்று பயப்பட வேண்டாம்.

எல்ஏ-2ஏ-யில் இருப்பது இரண்டே குமிழ்கள். பீக் ரிடக்‌ஷன் குமிழ், அமுக்கத்தை முடிவு செய்யும் உள்பாதைக்கு மட்டும் ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. கெயின் குமிழ் வெளியே போகும் அளவுக்கு. இங்கும் உள்ளே வரும் அளவு முக்கியம்தான், ஆனால் 1176 அளவுக்குக் கறாராக இல்லை.

இனி இரைச்சலுக்கு வருவோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, நீங்கள் மிகக் குறைவான அளவில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். இந்தப் பெட்டிகள் +4 டிபியு என்ற தொழில்முறை லைன் லெவலுக்கு, சுமார் 1.23 வோல்ட்டுக்கு, செய்யப்பட்டவை. சில இன்டர்ஃபேஸ்களில் லைன் அவுட்டை -10 டிபிவி என்ற வீட்டு உபயோக அளவுக்கு மாற்றும் வசதி இருக்கும். அது தவறுதலாகத் தேர்வாகியிருந்தால் ஏறக்குறைய 12 டெசிபல் குறைவாகப் போகும். நீங்கள் 1176-இன் இன்புட்டையும் அவுட்புட்டையும் மேலே திருகி அந்தக் குறையை ஈடுகட்டுவீர்கள். கூடவே பெட்டியின் சொந்த இரைச்சலும் மேலே ஏறும். இன்டர்ஃபேஸின் கையேட்டில் ‘அதிகபட்ச அவுட்புட்’ என்ற எண்ணைப் பாருங்கள். அது +18 டிபியு என்றால், கணினியில் -14 டிபிஎஃப்எஸ் (கணினியின் உச்ச அளவான 0-விலிருந்து 14 டெசிபல் கீழே) இருக்கும்போது வெளியே +4 டிபியு வரும். +24 என்றால் -20-இல் வரும். சின்ன இன்டர்ஃபேஸ்கள் சிலவற்றில் +10 மட்டுமே இருக்கும். அங்கே -6 வரை தள்ளினால்தான் அந்த அளவு கிடைக்கும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

இரண்டாவது காரணம் பெட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது. உரத்த இடங்களை 10 டெசிபல் அமுக்கி, பிறகு அவுட்புட்டில் 10 டெசிபல் ஏற்றினால், இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள மௌனமும் 10 டெசிபல் ஏறும். மின்விசிறி, கணினி, பாடகரின் மூச்சு எல்லாம் முன்னால் வந்து உட்காரும். ஒரு சோதனை: அமுக்கத்தை முழுக்க நிறுத்திவிட்டு அதே உரத்தில் கேளுங்கள். 1176-இல் அட்டாக் குமிழை இடக்கோடிக்குத் திருப்பினால் ஒரு ‘கிளிக்’ வரும். பெரும்பாலான மறுபதிப்புகளிலும் இது உண்டு. அங்கே அமுக்கம் நின்று, ஒலி சும்மா பெட்டியைக் கடந்து போகும். அப்போதும் இரைச்சல் இருந்தால் லெவலையும் கேபிளையும் பாருங்கள். போய்விட்டால் அமுக்கத்தைக் குறையுங்கள்.

கேபிள் என்றதும் ஒரு எச்சரிக்கை. கம்ப்ரஸரின் அவுட்டை இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டில் செருகிவிடுகிறவர்கள் நிறைய. எக்ஸ்எல்ஆர் முனை பொருந்துகிறதே என்று தோன்றும். பொருந்துவதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. லைன் லெவல் ஒலி மைக் ப்ரீஆம்பை (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதியை) திணறடிக்கும். 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) ஆன் ஆகியிருந்தால் அது கம்ப்ரஸரின் அவுட்புட்டை நோக்கியும் போகும். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை டிஆர்எஸ் உள்ள பேலன்ஸ்டு கேபிளை வாங்கி லைன் இன்னில் செருகுங்கள்.

பாடும்போதா, மிக்ஸிங்கிலா? இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். டேப் காலத்தில் பாடும்போதே அமுக்கியதற்கு ஒரு கட்டாயம் இருந்தது. மெல்லிய இடங்கள் டேப்பின் இரைச்சலில் மூழ்கும், உரத்த இடங்கள் டேப்பைச் சிதைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒலியை நிறுத்த வேண்டியிருந்தது. 24 பிட் பதிவில் அந்தக் கட்டாயம் இல்லை. உச்சம் -10 டிபிஎஃப்எஸ்ஸைத் தொடாமல் பதிவு செய்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆகவே இன்று பாடும்போது கம்ப்ரஸர் போடுவதற்கு மிஞ்சியிருப்பவை இரண்டே காரணங்கள்: அந்தப் பெட்டியின் ஒலி பிடித்திருக்கிறது, அல்லது ஹெட்ஃபோனில் தன் குரல் சீராகக் கேட்டால் பாடகர் தைரியமாகப் பாடுகிறார். இரண்டாவதை நான் ரொம்ப மதிக்கிறேன். மெல்லிய வரிகளில் தன் குரல் காணாமல் போகாது என்று தெரிந்தால் பாடுகிறவர் கத்துவதை நிறுத்திவிடுவார்.

ஆனால் பதிவில் அமுக்கியதைத் திரும்பப் பெற முடியாது. உரத்த இடங்களில் முள் 3, 4 டெசிபல் அசைந்தால் போதும். நானே ஒருமுறை ஒத்திகையில் அளவைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். உண்மையான டேக்கில் பாடகருக்கு உற்சாகம் பிறந்து இரண்டு மடங்கு உரக்கப் பாடினார். முள் 15-ஐத் தாண்டியது. அன்றைய சிறந்த டேக் அது, காப்பாற்ற முடியவில்லை. ஒத்திகையில் எல்லோரும் அடக்கித்தான் பாடுவார்கள், அதைக் கணக்கில் வையுங்கள்.

உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். ப்ரீஆம்ப் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இருக்கிறதென்றால், அதற்கும் டிஜிட்டல் மாற்றத்துக்கும் நடுவே கம்ப்ரஸரை நுழைக்க இடமில்லை. பின்பக்கம் ‘இன்சர்ட்’ என்று துளை இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் தனி மைக் ப்ரீஆம்ப் வேண்டும்: மைக், ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், பிறகு லைன் இன். அதுவும் இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். குரலை எதுவும் போடாமல் பதிவு செய்துவிட்டு, மிக்ஸிங்கில் பெட்டிகள் வழியே அனுப்புங்கள். இப்போதைக்கு உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அமுக்கம் பிடிக்கவில்லையென்றால் நூறு முறை திரும்ப அனுப்பலாம்.

அப்போது இரண்டு பெட்டிகளையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்: முதலில் 1176, அடுத்து எல்ஏ-2ஏ. ஏன் இந்த வரிசை என்பதற்கு எல்ஏ-2ஏ-யின் உள்ளே போக வேண்டும். அதை வடிவமைத்த ஜிம் லாரன்ஸ், வானொலியில் ஒலியளவை நாள் முழுக்கக் கையால் ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றாகத்தான் இதைச் செய்தார். உள்ளே டி4 என்று ஒரு சின்ன டப்பா. ஒலி கூடினால் அதிலுள்ள தகடு ஒளிரும், எதிரே உள்ள ஒளி உணரியின் மின்தடை இறங்கும், ஒலி தணியும். ஒளி சட்டென்று வந்தாலும் உணரி நிதானமாகத்தான் அசையும். அட்டாக் ஏறக்குறைய 10 மில்லி விநாடி. விடும்போது முதல் பாதியைச் சுமார் 60 மில்லி விநாடியில் விட்டுவிட்டு, மீதியைச் சில விநாடிகள் எடுத்துக்கொண்டு விடும். நெடுநேரம் பலமாக அமுக்கப்பட்டிருந்தால் இன்னும் மெதுவாகும், தூக்கம் கலையாதவரைப் போல. குரலுக்கு இது அவ்வளவு இயல்பாக இருப்பதன் ரகசியம் இதுதான். கூர்மையான மெய்யெழுத்துகள் மட்டும் இதனிடமிருந்து தப்பித்துவிடும். அவற்றை முன்னால் நிற்கும் 1176 இரண்டு, மூன்று டெசிபல் தட்டி அனுப்பினால், எல்ஏ-2ஏ பதற்றமில்லாமல் வரி முழுவதையும் சமன் செய்யும். வரிசையை மாற்றியும் கேளுங்கள், சட்டம் ஒன்றும் இல்லை.

எல்ஏ-2ஏ வால்வுப் பெட்டி. ஆன் செய்து இருபது நிமிடமாவது விட்டு, மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பெட்டி வழியே போய்வரும் ஒலி சில மில்லி விநாடி தாமதமாகத்தான் திரும்பும். உங்கள் மென்பொருளில் வெளிப்பெட்டிகளுக்கான இன்சர்ட் இருந்தால் அது ஒரு ‘டிக்’ ஒலியை அனுப்பித் தாமதத்தைத் தானே அளந்து சரிசெய்யும். இல்லாவிட்டால் நீங்களே ஒரு மெட்ரோனோம் ஒலியை அனுப்பிப் பதிவு செய்து, எத்தனை சாம்பிள் பின்தங்கியது என்று எண்ணி நகர்த்துங்கள். 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மில்லி விநாடி என்பது 48 சாம்பிள். மூலக் குரலையும் அமுக்கிய குரலையும் கலந்து வைக்கப் போகிறீர்கள் என்றால் இது மிக மிக முக்கியம். ஒரு மில்லி விநாடி பிசகினாலே 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழிகள் விழுந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

1176-இன் நான்கு ரேஷியோ பொத்தான்களையும் சேர்த்து அழுத்தும் வித்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எப்படியும் அழுத்திப் பார்க்கத்தான் போகிறீர்கள். முள் பேய் பிடித்ததுபோல் எகிறும், அது பழுதல்ல. டிரம்ஸுக்குத் தள்ளி வைத்த மைக்கில் அட்டகாசமாக இருக்கும். குரலில் வேண்டாம்.

பிளக்-இன்னோடு ஒப்பிடும்போது இரண்டின் உரத்தையும் சமமாக வையுங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருப்பதே காதுக்கு ‘இதுதான் உயர்தரம்’ என்று தோன்றும். சமமாக வைத்துக் கேட்டும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்தப் பாட்டுக்குப் பிளக்-இன்னே போதும்; பெட்டியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த ஒலி வந்ததும் அதைப் புது டிராக்கில் பதிவு செய்துவிடுங்கள். ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு டிராக்குக்குத்தான் உழைக்கும். பதிவு செய்துவிட்டால் அடுத்த டிராக்குக்கு விடுதலை. மூலக் குரலை அழிக்காமல், ஒலிக்காதபடி வைத்திருங்கள். குமிழ்களைக் கைப்பேசியில் நேராக நின்று படம் எடுத்து, அதைப் பாட்டின் கோப்புறைக்குள்ளேயே போடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் 3 எது, 4 எது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.