லிஸனரில் புது மெத்தட் சேர்த்தால் பழைய கோடு உடையுமா?

கேள்வி: எங்கள் ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் வேலை தொடங்கியதையும் முடிந்ததையும் சொல்ல ஒரு லிஸனர் இன்டர்ஃபேஸ் உண்டு. இனி ‘எவ்வளவு முடிந்தது’ என்றும் சொல்ல வேண்டும். பயன்படுத்தும் டீம்கள் எல்லாம் கோடை மாற்ற வேண்டி வருமா?

பதில்: வராது, டிஃபால்ட் மெத்தடாக, அதாவது இன்டர்ஃபேஸிலேயே உடலோடு எழுதிவைக்கும் மெத்தடாகச் சேர்த்தால். உடல் காலியாக இருக்கட்டும். 2014-இல் வந்த ஜாவா 8 முதல் இந்த வசதி இருக்கிறது. அதற்கு முன் வேறு வழியில்லாமல்தான் ஜாவா 1.4-இல் மவுஸ் சக்கரத்துக்குத் தனியே மவுஸ்வீல்லிஸனர் என்று இன்னொரு இன்டர்ஃபேஸ் போட்டார்கள்.

டிஃபால்ட் இல்லாமல் சேர்த்தால், கோடை மறுபடி கம்பைல் செய்பவருக்குப் பிழை உடனே தெரியும், அவர் பிழைத்தார். முன்பே கம்பைல் செய்து கட்டிய பழைய ஜார் கோப்பை அப்படியே வைத்திருப்பவர் பாடுதான் கஷ்டம். எல்லாம் ஒழுங்காக ஓடும், புது நிகழ்வு எழும் அந்த நொடியில், அழைத்த மெத்தடுக்கு உடலே இல்லை என்று அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரர் வந்து விழும்.

மெத்தடுக்குச் சதவீதத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அடுத்த மாதமே ‘மீதி நேரமும் வேண்டும்’ என்பார்கள். ஒரு ஈவென்ட் ஆப்ஜெக்டை அனுப்புங்கள். பிறகு அதில் கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) சேர்த்துக்கொண்டே போகலாம்.

சரி, இனி இடைத்தரகர்கள். லிஸனரைச் சுற்றி யாரோ ஒருவர் லாக் எழுத ஒரு ராப்பர் போட்டிருப்பார். அதுவும் ஒரு லிஸனர்தான். வருவதை வாங்கி உள்ளே இருக்கும் லிஸனரிடம் கொடுக்கும். உங்கள் புது மெத்தட் அதற்குத் தெரியாது. காலி டிஃபால்ட் அங்கேயே ஓடி முடிந்துவிடும். உள்ளே இருப்பவர் புது மெத்தடை முறையாக எழுதிவிட்டுக் காத்திருப்பார், தகவல் போய்ச் சேராது. பிழையும் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது. நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். லிஸனரை இம்ப்ளிமென்ட் செய்துகொண்டே இன்னொரு லிஸனரை ஃபீல்டாகவும் வைத்திருக்கும் கிளாஸ்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் புது மெத்தடைக் கடத்தும் வரியைச் சேருங்கள். மற்ற டீம்களிடம் உள்ளவற்றுக்கு ரிலீஸ் நோட்ஸில் எழுதலாம். அதை யார் படிக்கிறார்கள்? ஒரு வரி மாற்றத்துக்கு மூன்று மீட்டிங் வைக்கிறார்கள், அதில் ஒன்றிலாவது ராப்பர் பேச்சு எழுவதில்லை.

இந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார்: “எல்லாவற்றையும் ஈவென்ட் பஸ்ஸாக, எல்லா நிகழ்வும் போய்வரும் ஒரே பொதுப் பாதையாக மாற்றிவிடலாம், ஸ்ட்ரிங்கில் ஒரு பெயர், ஒரு மேப், அவ்வளவுதான்.” பெயரில் ஓர் எழுத்து தவறினால் கம்பைலர் வாயைத் திறக்காது. அவரைத் திருப்பி அனுப்பிவையுங்கள்.

வெளியிடும் முன், பழைய வெர்ஷனை வைத்துக் கம்பைல் செய்த ஒரு ஜாரை, மறுபடி கம்பைல் செய்யாமல், புது வெர்ஷனோடு ஓட்டி, புது நிகழ்வை ஒரு தடவையாவது எழுப்பிப் பாருங்கள்.