சோறு போடுவது நான், வால் ஆட்டுவது அவருக்கு

மேடம், வணக்கம்.

எனக்கு 36 வயது. பிறந்த வீடு ஈரோடு, கணவருக்குக் கோவில்பட்டிப் பக்கம். கோவையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம், எட்டு வயதில் ஒரு மகள். போன வருடம் கணவர் ஊரிலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாயைக் கொண்டு வந்தார். பெயர் வீரா. அவர்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து இந்த நாய்தான்.

கொண்டு வந்தது அவர், பார்த்துக்கொள்வது நான். காலை நடை, சாப்பாடு, தடுப்பூசி எல்லாம் என் தலையில். இவனோ நான் ஆசையாகப் பக்கத்தில் போனால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். கட்டிக்கொண்டால் விறைத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சமைக்கும்போது மட்டும் சமையலறை வாசலில் வந்து படுத்து வழியை அடைப்பான். அப்போதும் என்னைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் காட்டுகிறான். ராத்திரி அவர் வந்தால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான். எங்கள் அம்மா வீட்டில் ஒரு பொமரேனியன் இருந்தது. நான் கல்லூரியிலிருந்து வந்தால் வீட்டையே ரெண்டாக்கிவிடும்.

போன வாரம் படுத்திருந்தவனை மகள் போய்க் கட்டிக்கொண்டாள், உறுமிவிட்டான். கடிக்கவில்லை. "நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்கிறார் மாமியார். "ஒரு நாயைக்கூட உனக்குப் பழக்கத் தெரியலை" என்று கணவர் சொல்லிவிட்டார். லிஃப்டில் ஏறினால் "சோறே போடுறதில்லையா, எலும்பு தெரியுதே" என்று வேறு கேட்கிறார்கள்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நாய்க்குக்கூட நான் வேண்டாதவளா என்று சில ராத்திரி அழுகை வருகிறது. இவனை ஊருக்கே அனுப்பிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு மனக்குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று வீரா மேல். இன்னொன்று, அவனை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, செய்வதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் மேல். அவர்கள் தர வேண்டிய பாக்கியை நீங்கள் வீராவிடம் வசூலிக்கப் பார்க்கிறீர்கள். பாவம், அவன் எப்படிக் கொடுப்பான்?

முதலில் அவன் கதை. கரிசல்காட்டில் முயல் விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் அது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் வகை. முயல் கண்ணில் பட்டபிறகு ஆள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் முயல் போய்விடும். அதனால் தானாக முடிவெடுக்கும் நாய்க்குத்தான் மதிப்பு. லாப்ரடார் அப்படியில்லை, சுட்ட பறவையை எடுத்துவந்து மனிதன் கையில் கொடுக்கப் பழக்கிய இனம். அது அடிக்கடி நம் முகத்தைப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. உங்கள் பொமரேனியன் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே வளர்த்தது. கிரேஹவுண்ட், சலூக்கி மாதிரி இதே வகை ஓட்டநாய் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் புலம்பலில் பாதியை அவர்களும் சொல்வார்கள்.

இப்போது அந்தச் சமையலறை வாசலுக்கு வருவோம். கோழி வேகும் வாசனையும் அவன் வருவதற்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயமோ வெறுப்போ இருக்கும் ஆளிடம் ஒரு நாய் முதுகைக் காட்டி நிம்மதியாகப் படுக்காது. நீங்கள் குறையாக எழுதியதை நான் பாசம் என்றுதான் படிக்கிறேன். கணவரைக் கண்டதும் ஓடுகிறான் என்றால், அவர் பகல் முழுக்க இல்லாமல் போய் வருகிறார். நீங்கள்தான் எங்கேயும் போவதில்லையே, உங்களை எதற்கு ஓடிவந்து வரவேற்க வேண்டும்?

நீங்களாக அவனிடம் போகாதீர்கள். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்க்காமல், கையில் இரண்டு துண்டு வெந்த கறியோடு ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். அவனாக வந்தால் நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் சொறிந்துவிட்டு நிறுத்திவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் நகராமல் நிற்பான், இல்லாவிட்டால் போய்விடுவான். போனால் போகட்டும். கட்டிப்பிடிப்பது மட்டும் வேண்டாம், பல நாய்களுக்கு அது பிடிப்பதில்லை.

மகள் விஷயத்தில்தான் அவசரம். மாமியார் சொல்வதைக் கேட்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கலாம். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் உறுமலுக்கு முந்தைய அறிகுறிகள், அவற்றை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். படுத்திருக்கும் நாயைத் தொடக்கூடாது, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வந்தால் தடவலாம், அவ்வளவுதான். பெரியவர் யாரும் இல்லாதபோது இருவரையும் தனியாக விடாதீர்கள். வலி இருந்தாலும் உறுமும், அதனால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்படியே எடையும் பார்த்துவிடலாம். இந்த இனத்தில் கடைசி சில விலா எலும்புகள் தெரிவது உடல்வாகு, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்தினால்தான் கவலை. லிஃப்ட்காரர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், அல்லது சும்மா சிரித்துவிடுங்கள். கருத்தடை செய்வதாக இருந்தால், ஓட்டநாய்களுக்குக் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகள் உடம்பிலிருந்து இறங்க நேரமாகும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், அவனுக்கு வெறும் டைல்ஸ் தரை ஆகாது, தடிமனாக ஒரு மெத்தை போடுங்கள்.

உங்களுக்கென்று ஒரு சின்ன வேலை. அழுகை வரும் ராத்திரியில் ஒரு நோட்டில் கோடு கிழித்து, ஒரு பக்கம் நடந்ததை எழுதுங்கள்: "வீரா எழுந்து போனான்". மறுபக்கம் மனம் சொன்னதை எழுதுங்கள்: "நான் யாருக்கும் வேண்டாதவள்". நாலைந்து முறை எழுதினால் மறுபக்கத்தில் வீரா பெயர் குறைந்து யார் பெயர் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரு யூகம் இருக்கிறது.

கணவரிடம் பேசும்போது "நீங்க எதுவுமே செய்யறதில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டைதான் வரும். "காலை நடை இனி உங்க வேலை" என்று நேராகச் சொல்லுங்கள். அதுவும் கயிற்றோடு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம், ஆனால் விரட்டும் குணம் அவன் உடம்பில் அப்படியே இருக்கிறது. பூனை ஓடினால் ரோட்டைப் பார்க்க மாட்டான். இந்த இனத்துக்குத் தலை சின்னது, சாதாரணக் கழுத்துப்பட்டை உருவிக்கொள்ளும், மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் சரி. தாத்தா காலத்து வளர்ப்பு என்று பெருமைப்படுபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "நாயைக்கூடப் பழக்கத் தெரியலை" என்று சொன்னது உங்களை எவ்வளவு நோகடித்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், மகள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஊருக்கு அனுப்பும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். நடைப் பொறுப்பு கைமாறி, மகளுக்கும் அவனுக்கும் இடையே ஒரு ஒழுங்கு வந்தபிறகும் உறுமல் தொடர்ந்தால், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் யோசிக்கலாம். அழுகை நிற்காமல் தூக்கமும் பசியும் கெட ஆரம்பித்தால், ஆலோசகர் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.