இருபது வயது தாண்டிய பாலியோவை வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 2003-ல் பதிவான ஃபியட் பாலியோ 1.6 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. காலேஜ் நாளிலிருந்து இந்தக் காரின் மேல் ஒரு கண். தினமும் வைட்ஃபீல்டு ஆபீசுக்கு ஓட்டத்தான். வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் ஆபீசுக்கு வேண்டாம். அந்த நெரிசலில் கிளட்ச்சும் ரேடியேட்டரும் படாத பாடு படும், பெட்ரோலையும் தண்ணீராகக் குடிக்கும். ஞாயிறு விடியற்காலை கனகபுரா ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் அது யாரென்று தெரியும்.

சின்னக் காரில் ஓட்டும் சுகம் எதனால் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் கார் ஒன்று உதாரணம்: 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 1.6 லிட்டர், 110 குதிரைசக்தி, எடை சுமார் 800 கிலோதான். எடை குறைந்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும், பிரேக்குக்கும் சிரமம் குறையும். 2025-ல் இங்கே வந்த ஜிடிஐக்கு 265 குதிரைசக்தி, விலையோ 50 லட்சத்துக்கு மேல். பாலியோ 1.6 அவ்வளவு லேசான வண்டி இல்லை, சுமார் ஒரு டன் வரும். ஆனாலும் 100 குதிரைசக்தி, ரோட்டைக் கைக்குச் சொல்லும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் இரண்டும் சேர்ந்து இந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம்.

முதலில் ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். பதிவின் 15 வருடம் 2018-ல் முடிந்திருக்கும், ஐந்தாண்டுப் புதுப்பிப்பு 2023-ல். அதற்கப்புறம் புதுப்பிக்கவில்லை என்றால் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய், தாமதத்துக்கு மாதம் 500, பசுமை வரி தனி. இதையெல்லாம் விற்பவர் தலையில் கட்டுங்கள்.

ஸ்பேர்தான் பெரிய தலைவலி. 1.2 எஞ்சின் பாலியோவுக்குக் கிடைப்பதுபோல் இதற்குக் கிடைக்காது. இதே 1.6 எஞ்சின் சியனா, பெட்ராவிலும் வந்ததால் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலும் தேடினால் ஏதாவது சிக்கும். டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஆகாது. அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இன்சூரன்சில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட காரின் மதிப்பு நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது, அவர்கள் போடும் தொகையை அப்படியே ஏற்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், நீலப்புகை நிற்காமல் வந்தால் விலை பேசாமலே வந்துவிடுங்கள்.